ராஜாஜி ஹாலின் தூண்களும் பாட்டியின் சுண்ணாம்பு டப்பாவும்

திருவல்லிக்கேணி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசியதால்தான் ராஜாஜி ஹால் இருநூறு ஆண்டுகள் தாண்டி நிற்கிறது என்கிறார்களே, உண்மையா? எங்கள் பூர்வீக வீட்டுச் சுவர் சிமெண்ட் பூசிய பிறகுதான் அதிகமாக உதிர்கிறது. ஏன்?"

இரண்டு கேள்விக்கும் விடை சுண்ணாம்பில் இருக்கிறது.

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் அகன்ற படிக்கட்டுகளோடு கிரேக்கக் கோயில் போல நிற்கும் அந்தக் கட்டடம், ஆளுநர் எட்வர்ட் கிளைவ் காலத்தில் விருந்து மண்டபமாக எழுந்து 1802இல் முடிந்தது. கட்டியவர் ஜான் கோல்டிங்காம். அவர் வானியலாளர், பரங்கிமலையிலும் கோட்டையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளிக்கும் ஓசைக்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிட்டு, சென்னைக் காற்றில் ஒலியின் வேகத்தை அளந்தவர். அண்ணாவுக்கும் எம்.ஜி.ஆருக்கும் மக்கள் இறுதி அஞ்சலி செலுத்திய இடம் என்றுதான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். அந்தக் காலச் சென்னையின் பெரிய கட்டடங்களைப் போலவே அதுவும் செங்கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசியது.

கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். 100 கிராம் கிளிஞ்சலில் ஏறக்குறைய 44 கிராம் அப்படியே காற்றில் போய்விடும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, நீற்றிய சுண்ணாம்பாகும். இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

எனக்கு அலுக்காத பகுதி இதற்குப் பிறகு வருகிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பாவை மூடாமல் வைத்துப் பாருங்கள். விளிம்பில் ஒட்டியது சில நாளில் கல்லாகிவிடும். தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் பழையபடி இளகாது. வெறுமனே உலர்ந்திருந்தால் இளகியிருக்க வேண்டுமே! அது காற்றிலிருந்த கரியமில வாயுவை இழுத்து மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது. காளவாயில் இழந்ததைக் காற்றிடமிருந்து திரும்பப் பெற்றுக் கிளிஞ்சல் மறுபடி கிளிஞ்சலாகிவிட்டது. பளிங்குக் கல்லும் இதே கால்சியம் கார்பனேட்தான். பழைய சென்னைச் சுவர்களைப் பார்த்து "பளிங்கு போல இருக்கிறது" என்று வியந்தவர்கள் வேதியியல்படி சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மாற்றம் மிக மெதுவானது. காற்றின் பத்தாயிரம் பங்கில் கரியமில வாயு ஏறக்குறைய நான்கு பங்குதான். அதுவும் பூச்சின் நுண்துளைகளில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் கரைந்து வினைபுரியும். சுவர் முற்றிலும் காய்ந்துவிட்டால் வினை நின்றுவிடும். ஊறிப்போனால் வாயுவால் உள்ளே நுழைய முடியாது. ஆண்டுக்கணக்கில் சுவர் வெளியிலிருந்து உள்நோக்கிக் கல்லாகிக்கொண்டே போகும். ஆழத்தில் மாறாமல் மிஞ்சிய சுண்ணாம்புக்கும் வேலை உண்டு. மயிரிழை விரிசல் விழுந்தால், மழைநீர் அதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விரிசலுக்கு வரும். அங்கே காற்றுப் பட்டதும் அது கல்லாகி விரிசலை அடைக்கும். சுவர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. இதைவிட அழகான கட்டுமானப் பொருளை நான் அறியேன்.

முட்டைக்கும் பங்கு உண்டு, ஆனால் கடைசி மெல்லிய பூச்சில் மட்டும். அதன் புரதம் படிகங்களை நுண்மையாக வளரச் செய்கிறது. தயிரின் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகும். நெய்யின் கொழுப்பு, தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாகி நீரை விலக்கும். வெல்லம் சுண்ணாம்பை அதிகமாகக் கரைய வைக்கும். பிறகு வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். முன்னோரின் மர்ம ரகசியம் தொலைந்துபோனதாகப் பரவும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இதில் மர்மம் ஏதும் இல்லை. தேய்த்த கைகளின் உழைப்பையும் அறிவையும் மந்திரம் என்று சொல்வது அந்தக் கொத்தனார்களுக்கு மரியாதை ஆகாது.

இனி உங்கள் வீட்டுச் சுவர். என் பெரியப்பா வீட்டிலும் இதே கதைதான். சுவரின் கீழ்ப்பகுதி உதிர்கிறது என்று ஒரு மேஸ்திரி சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம் கழித்து, வாழையிலை அகலத்துக்கு ஒரு பாளம் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் சுரண்டினால் மிளகாய்த்தூள் போலக் கொட்டியது. மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடலோரத்து நிலத்தடி நீர் உப்போடு செங்கல்லில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விடும். உப்பு பூச்சிலேயே படியும், பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். சிமெண்ட் வழியை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். உள்ளே படிகமாகும் உப்பு செங்கல்லையே பிளக்கும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் அருகி வருகின்றன. புதுப் பொருள்களின் ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தப் பழைய சாந்துக்கும் ஒதுக்கி, ஆய்வுக்கூடத்தில் கொத்தனார்களையும் சம்பளத்தோடு உட்கார வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: சிமெண்டை உரித்துவிட்டுப் பங்குனி, சித்திரை வெயிலில் சுவரைக் காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, வெயில் நேரே படாமல் காத்து, தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அதற்குச் சில மாதங்களாவது காற்றுக் கிடைக்கட்டும்.