ஜீப்னிக்குள் ஒரு கழித்தல் கணக்கு: பிலிப்பைன்ஸ் வகுப்பறையில் தொலைக்காட்சி எப்படிப் பாடம் நடத்துகிறது?

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஜீப்னி என்ற, ஜீப்பை நீட்டிச் செய்தது போன்ற பொதுப் பயணி வண்டியில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது காசு கைமாறும் விதம். வண்டிக்குள் எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சுகள். பெரும்பாலும் கண்டக்டர் கிடையாது. பின்னால் ஏறி உட்கார்ந்தவர் 'பயாட் போ' என்று சொல்லி 50 பெசோ தாளை நீட்டுவார். 'கட்டணம் இந்தாங்க' என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் அதற்கடுத்தவரிடம். இப்படியே அது டிரைவர் கைக்குப் போய்ச் சேரும். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணக்குப் போட்டு, மீதிச் சில்லறையை அதே வழியில் திருப்பி அனுப்புவார். அந்தச் சில்லறைக்கு அங்கே 'சுக்லி' என்று பெயர். ஆளுக்கு 13 பெசோ என்றால் இரண்டு பேருக்கு 26. ஐம்பதில் கழித்தால் சுக்லி 24.

அம்மா மடியில் உட்கார்ந்து போகும் பிள்ளை இந்தக் கழித்தலைத் தினமும் பார்க்கிறது. சில்லறை குறைந்தால் அம்மா குரல் கொடுப்பதையும் பார்க்கிறது. ஆனால் வகுப்பில் 50லிருந்து 26ஐக் கழி என்று கரும்பலகையில் எழுதினால் தடுமாறிப்போகிறது. இது ஒரு பிள்ளையின் கதை இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2019இல் நடந்த 'டிம்ஸ்' பன்னாட்டுத் தேர்வில் 58 நாடுகள் பங்கேற்றன. கணிதத்தில் 297, அறிவியலில் 249 என்ற சராசரி மதிப்பெண்களோடு பிலிப்பைன்ஸ் இரண்டிலும் கடைசி. அந்த அளவுகோலின் நடுப்புள்ளி 500. அதற்கு முந்தைய ஆண்டு 15 வயதுப் பிள்ளைகளுக்காக நடந்த 'பிசா' பன்னாட்டுத் தேர்வில், 79 நாடுகளில் வாசிப்பிலும் கடைசி இடம். பத்து வயதில் ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள் அந்த நாட்டில் நூற்றுக்கு 91 பேர் என்று உலக வங்கி 2022இல் கணக்கிட்டது.

ஜீப்னியில் கண் எதிரே நடக்கிற கணக்குக்கும் கரும்பலகையில் இருக்கிற கணக்குக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். தொலைக்காட்சி அந்தப் பாலமாக முடியும் என்று நம்பி 1999இல் தொடங்கப்பட்டதுதான் நாலெட்ஜ் சேனல் அறக்கட்டளை. லோபஸ் குடும்பத்தைச் சேர்ந்த ரீனா லோபஸ்-பௌத்திஸ்தா தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு இது. ஏபிஎஸ்-சிபிஎன் என்ற பெரிய ஒளிபரப்பு நிறுவனம் அப்போது அந்தக் குடும்பத்தின் கையில் இருந்ததால் நிகழ்ச்சி தயாரிக்கவும் அலைவரிசை நடத்தவும் தெரிந்த ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பள்ளிகளுக்கு டிவிப் பெட்டியும் டிஷ்ஷும் நன்கொடையில் வந்தன.

அந்த மண்ணில் இதற்கு முன்பே விதை விழுந்திருந்தது. 1980களில் 'பாதிபோத்' என்ற நிகழ்ச்சியில் போங் என்கிற ஆமையும் கிக்கோ என்கிற குரங்கும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளோடு பேசியிருந்தன. 1994இல் 'சினேஸ்க்வேலா' வந்தது. சினிமாவையும் பள்ளியையும் குறிக்கும் சொற்களை ஒட்டவைத்த பெயர். நாலெட்ஜ் சேனல் பிற்பாடு தயாரித்தவற்றுக்கும் இப்படித்தான் பெயர் வைத்தார்கள். 'மதலி' என்றால் அங்கே சுலபம். கணக்கு நிகழ்ச்சிக்கு 'மாத்தலி' என்று பெயர். 'விகா' என்றால் மொழி, 'கஹரியான்' என்றால் ராஜ்யம். வாசிப்பு நிகழ்ச்சி 'விகஹரியான்'. பெயரைக் கேட்டதுமே பிள்ளை சிரித்துவிடும்.

சரி, ஒரு நிகழ்ச்சி எப்படிப் பாடம் நடத்துகிறது? ஆசிரியர் பேசுவதைக் கேமராவில் பிடித்து ஒளிபரப்பினால் போதாதா? போதாது. காரணம் பிள்ளையின் மூளைக்குள் இருக்கிறது.

இந்த நொடியில் கேட்பதையும் பார்ப்பதையும் பிடித்துவைத்துக் கையாளுகிற நினைவுக்குச் செயல் நினைவு என்று பெயர். அது மிகச் சின்ன மேசை மாதிரி. நான்கைந்து பொருள் வைத்தாலே நிரம்பிவிடும், குழந்தைக்கு இன்னும் சிறியது. டிவி பார்க்கும் பிள்ளை இந்த மேசையில் இரண்டு வேலை செய்தாக வேண்டும். கதையைப் பின்தொடர வேண்டும்: யார் இவர், ஏன் ஓடுகிறார், அடுத்து என்ன? கூடவே பாடத்தையும் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் இடத்துக்கு மோதுகின்றன. ஷாலோம் ஃபிஷ் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டு வாக்கில் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். அவர் சொன்னதில் முக்கியமானது கதைக்கும் பாடத்துக்கும் இடையே உள்ள தூரம். தூரம் அதிகமானால் கதை ஜெயிக்கும், பாடம் கீழே விழும். தூரம் குறைந்தால் மோதல் தணிந்து ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும்.

எடுத்துக்காட்டுக்கு நானே இரண்டு காட்சி சொல்கிறேன். முதல் காட்சியில் ஒரு திருடன் ஜீப்னியில் ஏறித் தப்பி ஓடுகிறான், போலீஸ் துரத்துகிறது. நடுவில் ஒரு கோமாளி தலையை நீட்டி '50லிருந்து 26 போனால் 24' என்று பாடிவிட்டுப் போகிறான். இரண்டாவது காட்சியில் ஒரு சிறுமி தம்பியோடு ஜீப்னியில் போகிறாள். அம்மா கொடுத்த ஒரே 50 பெசோ தாள். இறங்கியதும் மீதிக் காசில் 24 பெசோவுக்கு மருந்து வாங்க வேண்டும். டிரைவர் அனுப்பிய சுக்லி பல கை தாண்டி வருகிறது, எண்ணினால் 14 தான் இருக்கிறது. வண்டி அடுத்த நிறுத்தத்தை நெருங்குகிறது. இப்போது அவள் கணக்குப் போட்டே ஆக வேண்டும். முதல் காட்சியைப் பார்த்த பிள்ளைக்குத் திருடன் நினைவிருப்பான். இரண்டாவதைப் பார்த்த பிள்ளையிடம் கதையைச் சொல்லச் சொன்னால் கழித்தல் இல்லாமல் சொல்லவே முடியாது. நல்ல கல்வி நிகழ்ச்சி எழுதுகிறவர்களின் கைவேலை முழுக்க இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அனிமேஷனும் பாட்டும் அதற்கு அப்புறம்தான்.

அந்த மேசையில் இன்னொன்றும் இடம் பிடிக்கும்: மொழி. 1981இல் டேனியல் ஆண்டர்சன் குழுவினர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 'செசமி ஸ்ட்ரீட்' என்ற, குழந்தைகளுக்குப் பழக்கமான கல்வி நிகழ்ச்சியின் காட்சிகளில் படத்தைத் தொடாமல் பேச்சை மட்டும் மாற்றினார்கள். சிலவற்றில் கிரேக்க மொழி, சிலவற்றில் பின்னிருந்து முன்னாக ஓடும் ஒலி. படம் அதே வண்ணத்தோடும் வேகத்தோடும் ஓடியும் குழந்தைகள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். டிவி குழந்தையை மயக்கி உட்காரவைக்கிறது என்று நாம் பேசிக்கொள்கிறோம். உண்மையில் புரிகிற வரைக்கும்தான் பிள்ளை பார்க்கிறது.

பிலிப்பைன்ஸில் 170க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. இருபது என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். பாடநூலில், தேசிய மொழியான ஃபிலிப்பினோவில் அது 'தலவம்பு'. கடையிலும் ஜீப்னியிலும் ஸ்பானிய ஆட்சி விட்டுப்போன 'பென்தே'. கணக்கு வகுப்பு ஆங்கிலத்துக்கு மாறியதும் 'ட்வென்டி'. செபு தீவுப் பிள்ளைக்கு வீட்டில் செபுவானோ மொழியில் இன்னொரு சொல்லும் உண்டு. அப்படியென்றால் கழித்தல் தெரியாமல் பிள்ளை தடுமாறுகிறதா, எண்ணின் பெயர் தெரியாமலா? இரண்டாவதாகவும் இருக்கலாம். 2012இலிருந்து மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்கும் முறையை அந்த நாடு நடைமுறைப்படுத்தியது, 2024இல் சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இந்த இடத்தில் படத்துக்கு ஒரு தனி பலம் உண்டு. இரண்டு பத்து பெசோ நாணயங்களைக் காட்டியபடி 'பென்தே' என்றும் 'ட்வென்டி' என்றும் சொன்னால் எல்லாச் சொல்லும் ஒரே பொருளில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், பழக்கம். 21 மாதக் குழந்தைகளுக்குச் சின்னதிலிருந்து பெரிதாகக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் வேலையை வீடியோவில் காட்டினார்கள். அமெரிக்கக் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த எல்மோ பொம்மை செய்து காட்டியதைப் பார்த்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதையே அவர்கள் பார்த்திராத தைவான் பொம்மை செய்து காட்டியபோது அந்த அளவுக்குக் கற்கவில்லை. தெரிந்த முகம் என்றால் 'யார் இது' என்ற கேள்வி மேசையில் இடம் பிடிப்பதில்லை. திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே பாகத்தை ஐந்து நாள் காட்டிய ஆய்வில், பிள்ளைகள் சலித்துப்போகவில்லை. நாள் போகப் போகத் திரையைப் பார்த்துச் சத்தமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். முதல் நாள் கதை புரிய வேண்டும், பாடத்துக்கு இடம் பிறகுதான் கிடைக்கிறது.

இனி, இதைப் பள்ளிக்குக் கொண்டுபோவது. நாட்டில் 7,641 தீவுகள், நடுவில் மலை. தரையில் கோபுரம் நட்டு எல்லா இடத்துக்கும் அலை அனுப்ப முடியாது, கேபிள் ஊரோடு நின்றுவிடும். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு மட்டும் மலையும் கடலும் ஒன்றுதான். அங்கிருந்து வரும் அலை பள்ளிக் கூரையை அடையும்போது மிக மெலிந்திருக்கும். டிஷ்ஷின் குழிவு அதைக் குவித்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியில் சேர்க்கிறது. சுமார் 60 சென்டிமீட்டர் டிஷ் என்றால் இரண்டு மூன்று டிகிரி திரும்பினாலே படம் போய்விடும். ஆண்டுக்குச் சராசரியாக 20 புயல்கள் எட்டிப்பார்க்கும் நாடு அது. கூரை தப்பினாலும் டிஷ் தப்பாது. கனமழையும் சேர்ந்துகொள்ளும்: இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன.

ஆனால் புயலைவிடப் பெரிய தடை மணியடிப்பதுதான். ஒளிபரப்பு அதற்கான நேரத்தில் வரும். பள்ளிகளில் இடநெருக்கடியால் காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று வகுப்பு நடக்கும். பின்னம் பற்றிய பாகம் பத்து மணிக்கு வரும்போது அந்த வகுப்பு வாசிப்புப் பாடத்தில் இருக்கலாம், அல்லது பின்னம் அடுத்த மாதப் பாடமாக இருக்கலாம். இதற்கு அறக்கட்டளை கண்ட வழி எளிமையானது. பாடங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். எடுத்துச் செல்லும் நூலகம் என்றே அதற்குப் பெயர். இணையம் வேண்டாம், டிஷ் வேண்டாம், படகில் ஒரு பையில் வைத்துக் கொண்டுபோகலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நிறுத்தும் பொத்தான் ஆசிரியர் கைக்கு வந்தது. நேரடி ஒளிபரப்பு யாருக்காகவும் நிற்காது. ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பாடம் நிற்கும். சிறுமி சில்லறையை எண்ணும் இடத்தில் ஆசிரியர் நிறுத்தலாம். 'இப்ப அவ கையில எவ்வளவு குறையுது?' என்று கேட்கலாம். பிள்ளைகள் தங்கள் மொழியில் பதில் சொன்ன பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்கலாம். மேசையில் இருந்ததை எடுத்து நீண்டகால நினைவில் அடுக்கிவைக்கும் வேலை இந்த அரை நிமிடத்தில்தான் நடக்கிறது. அறக்கட்டளை பெட்டியோடு நிற்காமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நடத்துவது சரியான முடிவு.

2020இல் இந்த அமைப்பு ஒரே நேரத்தில் இரண்டு அடி வாங்கியது. உரிமம் முடிந்துபோன ஏபிஎஸ்-சிபிஎன் மே 5ஆம் தேதி ஒளிபரப்பை நிறுத்த வேண்டி வந்தது. ஜூன் 30ஆம் தேதி அதன் டிஜிட்டல் ஒளிபரப்புக்கும் ஸ்கை டைரக்ட் செயற்கைக்கோள் சேவைக்கும் தடை வந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடி, பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருந்த காலம் அது. பள்ளி ஆண்டு தள்ளிப்போய் அக்டோபர் 5ஆம் தேதி தொடங்கியது. பெரும்பாலான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அச்சிட்ட பாடத்தாள் கட்டுதான். டிவி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது வந்துகொண்டிருந்த வழிகள் அடைபட்டன. மற்ற கேபிள், இணையம் என்று கிடைத்த பாதைகளில் நாலெட்ஜ் சேனல் தொடர்ந்தது.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளால் உண்மையிலேயே பலன் உண்டா? 'செசமி ஸ்ட்ரீட்' வகை நிகழ்ச்சிகளைப் பற்றி 15 நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மேரி-லூயிஸ் மாரெஸும் சோங்டாங் பானும் 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல். கிடைத்த விளைவின் அளவு 0.29. புரியும்படி சொன்னால், நூறு பிள்ளைகளைக் கடைசியிலிருந்து வரிசையாக நிறுத்தும்போது 50ஆவது இடத்தில் நிற்கும் பிள்ளை நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு கிட்டத்தட்ட 61ஆவது இடத்துக்கு முன்னேறுகிறது. ஒரு நல்ல ஆசிரியர் ஓராண்டு கொடுப்பதற்கு இது ஈடாகாது. ஆனால் எடுத்துத் தயாரித்துவிட்ட ஒரு பாகத்தை இன்னும் ஒரு லட்சம் பிள்ளைகள் பார்த்தாலும் தயாரிப்புச் செலவு ஒரு பெசோ கூடாது. தெற்கிலுள்ள மிண்டனாவோ தீவின் மலைப்பள்ளி ஒன்றில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியர், ஒரு பாதிக்குப் படத்தை ஓடவிட்டு, மறுபாதியோடு தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்கலாம். இருபது நிமிடம் கழித்து இடம் மாறிக்கொள்ளலாம்.