அறுபது புள்ளிகளில் அப்பாவின் முகம்

“இனிமே ஒன்னும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா இதப் பாருங்க” என்று ஒரு மகள் கைபேசியை நீட்டினார். செயற்கை விழித்திரை பற்றிய காணொளி. பக்கத்தில் அவருடைய அப்பா, கிளக்கோமா என்ற கண் நோயில் இரண்டு கண் பார்வையும் போனவர். பார்வை இழந்தவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் என்னிடம் இந்த நம்பிக்கையோடு பலர் வருகிறார்கள்.

அப்பாவைப் படமெடுத்து, மடிக்கணினியில் கறுப்பு வெள்ளையாக்கி, வரிசைக்கு 10 கட்டமாக 6 வரிசைக்குள் சுருக்கிக் காட்டினேன். மகளுக்கு அது யாரென்றே தெரியவில்லை. அடுத்து, வெள்ளைச் சுவரில் இருந்த கறுப்புக் கதவு. “இது கதவுதானே?” என்றார் உடனே.

2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரைக் கருவியில், விழித்திரையைத் தூண்டும் மின்முனைகளும் இதேபோல் 60தான். மூக்குக்கண்ணாடியில் உள்ள கேமரா பிடிக்கும் காட்சி, உடம்பில் மாட்டிய சிறு கணினிக்குப் போகும். அதன் முக்கிய வேலையே கழிப்பதுதான். நிறம், நிழல், தரை ஓட்டின் கோலம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஓரங்களையும் வெளிச்ச வேறுபாட்டையும் தூக்கிக் காட்டும். மிஞ்சியது மின்துடிப்பாக விழித்திரைக்குப் போய் ஒளிப்பொட்டுகளாகத் தெரியும். அதுவும் ஒழுங்கான பொட்டாக அமையாது. பக்கத்தில் ஓடும் நரம்பிழைகளும் தூண்டப்படுவதால் கோடாக இழுபடும். கேமரா கண்ணாடியில் இருப்பதால் விழியை மட்டும் உருட்டிப் பயனில்லை, தலையைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். கருவியைப் பொருத்தியதும் பார்வை வந்துவிடாது, பழக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அந்தக் கருவியின் தயாரிப்பும் 2019இலேயே நின்றுவிட்டது.

இப்போது பிரிமா என்ற கருவி வந்திருக்கிறது. 2 மில்லிமீட்டர் சில்லில் 378 புள்ளிகள். முதுமையில் விழித்திரையின் மையம் தேய்ந்தவர்கள் பலர், படத்தைப் பெரிதாக்கும் வசதியோடு மறுபடியும் எழுத்துகளை வாசித்ததாக 2025இல் வந்த ஆய்வு முடிவு சொல்கிறது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த செய்தி இது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் உள்ளே உயிருள்ள நரம்பு வேண்டும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயில் ஒளியை உணரும் செல்கள் அழிந்தாலும், பின்னால் இருக்கும் நரம்புச் செல்கள் ஓரளவு தங்கியிருக்கும். கிளக்கோமாவில் போவது பார்வை நரம்பே. செய்தி மூளைக்குப் போக வழியில்லை. அதனால் இப்படியொரு காணொளியைப் பார்த்தால், “எங்களுக்குப் பழுதானது எந்த இடம்?” என்று முதலில் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதைச் சொல்லும்போது அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். சரி, இனி நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கிளக்கோமா இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியிருக்காது, நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கலாம். கண் அழுத்தம் மட்டுமல்ல, பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும்.

“நீங்க கண்ணைக் காட்டியிருக்கீங்களா?”

மகள் பதில் சொல்லவில்லை. அப்பா அவர் கையைத் தடவிப் பிடித்து, “மொதல்ல நீ போய்க் காட்டும்மா” என்றார்.

வெள்ளைக் கோலோடு புளோக்கிலிருந்து காப்பிக்கடை வரை தனியாக நடக்கும் பயிற்சியை அடுத்த வாரமே அவரோடு தொடங்கினோம்.