காற்றுக்குப் பக்கத்தில் நாற்று

‘காற்று’ என்ற சொல்லுக்கு எதுகை கேட்டால் சில நொடிகளில் நாற்று, மாற்று, ஊற்று, கூற்று, கீற்று என்று வரிசையாக வந்துவிடும். இதற்கு யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. புரட்டினாலும் பெரிய பயன் இல்லை. அகர வரிசையில் ஊற்று ஒரு மூலையிலும் மாற்று இன்னொரு மூலையிலும் கிடக்கும். புயல், தென்றல், மூச்சு எல்லாம் காற்றுக்கு நெருங்கிய சொந்தங்கள். ஆனால் எதுகை என்று கேட்டதும் அவை ஒதுங்கிக்கொள்கின்றன. ஆக, மனத்துக்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அக்கம்பக்கம் இருக்கிறது. ஒன்று பொருளால் அமைந்தது, மற்றது ஒலியால் அமைந்தது. எதுகை தேடுகிறவர் ஒலித் தெருவில் நடந்துகொண்டே பொருள் தெருவின் மேலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒலி. எந்த இடத்தில் ஒத்தால் ‘ஒத்த ஓசை’ என்று காது ஒப்புக்கொள்ளும்? இது மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவுவரை ஒத்துப்போக வேண்டும், அதற்கு முன்னால் உள்ள மெய்யொலி மட்டும் மாற வேண்டும். நேஷன், ஸ்டேஷன் இரண்டையும் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும். தமிழில் கடைசி ஒத்தால் அது இயைபு. முதலெழுத்து ஒத்தால் மோனை. எதுகை இருப்பதோ இரண்டாம் எழுத்தில். இந்த மூன்றையும் தொல்காப்பியமே வரையறுத்துவிட்டது. குறளின் முதல் பாட்டில் ‘அகர’வும் ‘பகவ’னும் அடிதோறும் எதுகையாக நிற்கின்றன, ‘கற்க’ என்று தொடங்கும் குறளில் அடுத்த அடி ‘நிற்க’.

கற்க, நிற்க இரண்டிலும் முதலெழுத்தின் உயிர் வேறு. ஒன்றில் அகரம், மற்றதில் இகரம். ஆங்கிலக் காது இதை ஏற்காது. தமிழ்க் காது தடையின்றி ஏற்கிறது. அதற்குப் பதிலாக நம் காது வேறொன்றைக் கேட்கிறது: முதலெழுத்தின் அளவு. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டு, கட்டு, தட்டு சரி. பாட்டு, காட்டு, நீட்டு சரி. ஆனால் பட்டும் பாட்டும் எதுகை ஆகாது. இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘பாட்டு’ என்பதில் அந்த ‘ட்’ வந்து மோதுவதற்கு ஒரு மாத்திரை கூடுதலாகிறது. தாளத்தில் அடி ஒரு கணம் பிந்தினால் எப்படி இருக்குமோ அப்படித்தான். எதுகை என்பது எந்த ஒலி வருகிறது என்பது மட்டுமல்ல, அது எப்போது வருகிறது என்பதும்கூட.

ஏன் இரண்டாம் எழுத்து? சொல்லின் கடைசியை விட்டுவிட்டு முன்பகுதியில் போய்த் தேடுவது ஏன்? என் கணிப்பு இது. தமிழில் வேர்ச்சொல் முன்னால் நிற்கும்; காலம், பால், எண், வேற்றுமை எல்லாம் பின்னால் வந்து ஒட்டும். ஓடினான், எழுதினான், தூங்கினான், சிரித்தான் என்று எத்தனை சொற்களை வேண்டுமானாலும் அடுக்கலாம். எல்லாம் ‘ஆன்’ என்று முடியும். இந்த ஒற்றுமையைச் செய்தது இலக்கணம். எழுதுகிறவருக்கு அதில் வேலையே இல்லை. சும்மா கிடைக்கிற ஓசையில் காது சீக்கிரம் சலித்துவிடும். வேருக்குள் ஓர் ஒலி ஒத்துப்போவதுதான் அரிது, ஆகவே இனிது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளின் மரபுக் கவிதையிலும் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் பிராசம் இருப்பதையும், அந்த மொழிகளும் விகுதியைப் பின்னால் ஒட்டுபவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது வெறும் தற்செயல் என்று தோன்றவில்லை.

எதுகை இருக்கிறதா, இல்லையா என்பதோடு இலக்கணக்காரர்கள் விட்டுவிடவில்லை. மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். முதலெழுத்து தவிர சீர் முழுவதும் ஒத்தால் தலையாகு எதுகை. இரண்டாம் எழுத்து மட்டும் ஒத்தால் இடையாகு எதுகை. அந்த எழுத்தே ஒக்காமல் அதன் இனம் மட்டும் ஒத்தால் கடைத்தரமான கடையாகு எதுகை: ‘தக்கார்’ என்பதற்கு ‘எச்சம்’ (க், ச் இரண்டும் வல்லினம்), ‘அன்பு’ என்பதற்கு ‘நண்பு’ (ன், ண் இரண்டும் மெல்லினம்), ‘எல்லா’ என்பதற்குப் ‘பொய்யா’ (ல், ய் இரண்டும் இடையினம்). மூன்று இணைகளும் குறளில் உள்ளவை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆசிடை எதுகை. நடுவில் ய், ர், ல், ழ் ஆகிய நான்கு மெய்களில் ஒன்று புகுந்துகொண்டாலும் மன்னித்து ஏற்றுக்கொள்கிறார்கள்: காய்மாண்ட, பூமாண்ட. ஆசு என்றால் உலோகத் துண்டுகளை இணைக்க வைக்கும் பற்று. பட்டறையிலிருந்து யாப்புக்குப் போன சொல்.

சரி, இப்படிப்பட்ட சொற்களை எங்கே போய்த் தேடுவது? இதற்கென்றே நூல்கள் இருந்தன. சீனத்தில் கி.பி. 601-இல் லூ ஃபாயன் தொகுத்த ‘சியேயுன்’ எழுத்துகளை 193 ஓசைக் குடும்பங்களாகப் பிரித்தது. சீன எழுத்து ஒலியை நேரடியாகக் காட்டாது என்பதால், பழைய சீன உச்சரிப்பை மீட்டெடுக்க முயன்ற பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் போன்ற மொழியியலாளர்களுக்கு 20-ஆம் நூற்றாண்டில் இந்த மரபில் வந்த நூல்களே பெரிய துணையாக இருந்தன. எது எதோடு ஒலித்தது என்ற பட்டியல், காணாமல் போன ஒலிகளின் தடயமாகிவிட்டது. ஆங்கிலத்தில் 1775-இல் ஜான் வாக்கர் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார்.

தமிழில் வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் உருவானது. பெயர், பொருள், தொகை, தொடை என்று அதில் நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதிதான் எதுகை தேடுவோருக்கானது. அதற்கும் முந்தியது மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு. அதன் 11-ஆம் தொகுதி ஒரே சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வது. அந்தச் சொற்கள் அகர வரிசையில் இல்லை. ககர எதுகை, ஙகர எதுகை, சகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின் வரிசையில் நிற்கின்றன. அதாவது ஓசையால் உள்ளே நுழைந்தால் பொருளும் அங்கேயே கிடைக்கும். மனப்பாடம் செய்கிற மாணவனுக்கு எதுகையே கொக்கி. பாட்டெழுதுகிறவருக்கு அதுவே தேடுபொறி.

இதையே கணினியில் செய்ய வேண்டுமென்றால், ஆங்கிலத்துக்கு உச்சரிப்பு அகராதி இல்லாமல் முடியாது. ஓ, யூ, ஜி, எச் என்று அதே நான்கு எழுத்துகளில் முடியும் சொற்களே காஃப், தோ, த்ரூ என்று மூன்று விதமாக ஒலிக்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி 1,34,000-க்கும் மேற்பட்ட சொற்களை 39 ஒலியன்களாகப் பிரித்து, ஒவ்வோர் உயிரொலியிலும் அழுத்தம் எவ்வளவு என்பதற்கு 0, 1, 2 என்று குறியிட்டிருக்கிறது. கடைசி அழுத்தத்திலிருந்து முடிவுவரை உள்ள துண்டை வெட்டி, அதையே சாவியாக வைத்து, ஒரே சாவி உள்ள சொற்களை ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் தேடல் முடிந்தது.

தமிழுக்கு இது சுலபம் என்று நினைத்துத்தான் நானும் ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்தேன். எழுதுவதைப் போலத்தானே பெரும்பாலும் படிக்கிறோம், இரண்டாம் எழுத்தை எடுத்தால் போதாதா? போதவில்லை. ‘காற்று’க்கு எதுகை கேட்டால் பாடம், வானம், மாலை என்று வந்து குவிந்தன. காரணம் எளிது. நம் கண்ணுக்குக் கா, ற், று என்று மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யுனிகோடுக்கோ க, கால், ற, புள்ளி, ற, உகரக் குறி என்று ஆறு. நிரல் எடுத்த ‘இரண்டாம் எழுத்து’ அந்தத் துணைக்கால்! ஆகவே முதல் வேலை, உயிர்க்குறியையும் புள்ளியையும் அதற்கு முந்தைய மெய்யோடு ஒட்டி, தொல்காப்பியருக்குப் புரிகிற எழுத்தாக மாற்றுவது. அப்புறம் முதலெழுத்து குறிலா நெடிலா என்று பார்த்து, அதோடு இரண்டாம் எழுத்தைச் சேர்த்தால் சாவி தயார். ‘நெடில், ற்’ என்ற பெட்டியைத் திறந்தால் நாற்று, ஊற்று எல்லாம் இருக்கும். அவற்றில் ‘ற்று’ என்று முழுவதும் ஒத்தவற்றை மேலே வைத்து, மற்றவற்றைக் கீழே தள்ளலாம். தலையாகு, இடையாகு, கடையாகு என்ற பழைய தரவரிசை இங்கே அப்படியே பயன்படுகிறது.

பெட்டி திறந்தாயிற்று. கூடவே நமக்குப் பாதி தெரிந்த, தெரியாத சொற்களும் வந்து விழும். ‘கூற்று’ என்றால் சொல்லப்பட்டது. பழைய பாட்டில் அது எமன். ‘மாற்று’ என்றால் வேறொன்று. பொன்னின் தரத்தைச் சொல்லும் அளவும் அதுதான். ‘கீற்று’ ஒளிக்கோடாகவும் இருக்கலாம், தென்னை ஓலையாகவும் இருக்கலாம். ‘ஆற்று’ இன்னும் வேடிக்கை. கொதிக்கும் பாலை ஆற்று என்றால் ஆற வை. கடமையை ஆற்று என்றால் செய். ஆற்று நீர் என்றால் அது வினையே அல்ல, ‘ஆறு’ என்ற பெயர்ச்சொல் புணர்ச்சியில் எடுத்த வடிவம். பட்டியலில் சொல்லை மட்டும் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் சொல்தான் காட்டிக்கொடுக்கும். கணினியும் ஏறக்குறைய இதே வழியில்தான் பொருளை நெருங்குகிறது. எந்தச் சொல் எந்தச் சொற்களோடு அடிக்கடி புழங்குகிறது என்று கணக்கெடுத்து, ஒவ்வொரு சொல்லையும் எண்களால் ஆன ஒரு புள்ளியாக வைக்கிறது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளால் அறியலாம் என்று பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957-இல் எழுதினார். அந்த வரைபடத்தில் காற்று புயலுக்குப் பக்கத்திலும் நாற்று வயலுக்குப் பக்கத்திலும் போய் நிற்கும். ஓசையில் ஒட்டிக்கிடந்தவை அங்கே தனித்தனி ஊர்.

ஒலிக்கும் பொருளுக்கும் உறவே கிடையாதா? பெரும்பாலும் கிடையாது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. கூர்முனை உருவம் ஒன்று, உருண்டை உருவம் ஒன்று. எதற்கு எந்தப் பெயர் என்று கேட்டால் பெரும்பாலோர் கூரானதைக் ‘கிகி’ என்றும் உருண்டதைப் ‘பூபா’ என்றும் சொல்கிறார்கள். 1929-இல் உளவியலாளர் கோலர் வேறு பெயர்களோடு தொடங்கிய இந்தச் சோதனையைப் பற்றி, விளயனூர் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001-இல் எழுதிய கட்டுரையில் அமெரிக்க மாணவர்களை மட்டுமன்றித் தமிழ் பேசுவோரையும் குறிப்பிட்டுப் பேசுகிறார்கள். ஆனால் எதுகைச் சொற்களில் இந்த உறவைத் தேடினால் ஏமாற்றமே. கல்லுக்கும் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இல்லாததுதான் பலம். டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பொருளைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் கொடுத்தால் மனத்தில் பல சொற்கள் வரும். குறிப்பிட்ட ஒரு சொல்லைச் சிலரே சொல்வார்கள். ஓசைக் குறிப்பு மட்டும் கொடுத்தாலும் அதே கதை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாரும் அந்த ஒரே சொல்லில் வந்து நிற்கிறார்கள். நாமே செய்து பார்க்கலாம். ‘நிலத்திலிருந்து வரும் நீர்’ என்றால் கிணறு, சுனை, அருவி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ‘காற்றுக்கு எதுகை’ என்றால் அங்கும் பத்துச் சொல். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் ‘ஊற்று’. ஒலியும் பொருளும் ஒன்றையொன்று சாராத இரு சல்லடைகள்; இரண்டிலும் தப்பி நிற்கும் சொல் அநேகமாக ஒன்றுதான். ஏட்டில் எழுதாமல் வாய்வழியாக நீண்ட பாடல்கள் வழிவழியாக வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு சொல் மறந்தாலும் ஓசை ஒரு பக்கம் இழுக்கும், கதை இன்னொரு பக்கம் இழுக்கும்.

இந்த ஓசைத் திறன் சிறு வயதிலேயே முளைத்துவிடுகிறது. மூன்று, நான்கு சொற்களைச் சொல்லி, ஓசை ஒட்டாதது எது என்று 4, 5 வயதுக் குழந்தைகளிடம் பிராட்லியும் பிரையன்ட்டும் கேட்டார்கள். அதில் தேர்ந்த குழந்தைகள் சில ஆண்டுகள் கழித்துப் படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னே நின்றார்கள் என்று 1983-இல் அவர்கள் வெளியிட்டார்கள். எழுதப் படிக்கக் கற்றபின் கதை தலைகீழாகவும் ஓடுகிறது. சைடன்பர்க், டானன்ஹாஸ் இருவரின் 1979 சோதனையில் ஆங்கிலச் சொற்களைக் காதால் மட்டுமே கேட்டவர்கள்கூட, எழுத்துக்கூட்டலும் ஒத்திருந்த இணைகளை விரைவாக அடையாளம் கண்டார்கள். கண்ணுக்கே வேலை கொடுக்காத இடத்திலும் எழுத்து வந்து காதின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஓசை பொருளின் வேலையிலும் மூக்கை நுழைக்கும். 2000-இல் மக்லோனும் டோஃபிக்பக்ஷும் ஒரே கருத்தைச் சொல்லும் வாசகங்களை இரு வடிவில் கொடுத்தார்கள்: ஒன்றில் ஓசை ஒத்த சொல், மற்றதில் அதே பொருளுடைய, ஓசை ஒக்காத சொல். ஓசை ஒத்ததையே மக்கள் கூடுதல் உண்மை என்று மதிப்பிட்டார்கள். ஆனால் ‘சொல்லின் அழகை விட்டுவிட்டுச் சொல்லவந்ததை மட்டும் பாருங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களிடம் அந்தக் கூடுதல் மதிப்பு சுருங்கிவிட்டது.