வேஷம் கலைக்க நேரம் இல்லாதவர்கள்

இரவு பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. எனக்குத் தெரிந்த நாடகக் கலைஞர், இன்னும் முப்பது வயது ஆகவில்லை. சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைகளில் வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து ஒரு நாடகம் உருவாக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை. பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மட்டும் கேட்டது. வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று பயிற்சியின் ஒன்பதாவது நாள். சிலைப் பயிற்சி கொடுத்திருக்கிறார். வாய் பேசாமல், உங்களால் மறக்க முடியாத ஒரு நாளை உடம்பாலேயே நிறுத்திக் காட்டுங்கள் என்பது அந்தப் பயிற்சி. ஒருவர் குழாய் உருட்டுகிற மாதிரி உட்கார்ந்தார், ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் மட்டும் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வலது கையால் தரையில் எதையோ எடுப்பது போலக் குனிந்து நின்றார். என்ன அது என்று கேட்டதற்கு, "செருப்பு" என்றார். மருந்து உராய்ந்து அறை வெடித்த அன்று தங்கையை அந்தச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம்.

அறையில் இருந்த பதினாறு பெண்களும் அழுதிருக்கிறார்கள். கலைஞர் அழவில்லை. எல்லோரையும் தேற்றி, டீ வரவழைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, குரூப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் அதே அறை.

பேச ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்துத்தான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. அவருடைய அம்மாவும் பல வருடம் பட்டாசு வேலைக்குப் போனவர். அந்த வேலையும் அந்த ஊர்ப் பேச்சும் தெரிந்தவர் என்பதால்தான் இந்தத் திட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே காரணத்தால் அவருக்கு எங்கெல்லாம் வலிக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் பெயரைச் சொன்னது நான்தான். நானும் யோசிக்கவில்லை.

இருபது வருடம் நாடகப் பயிலரங்குகள் நடத்தினேன். இப்போது, நடத்துகிறவர்களுக்குத் துணையாக இருப்பதுதான் என் முக்கிய வேலை. தொண்டு நிறுவனங்களிலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பிரிவுகளிலிருந்தும் போன் செய்வார்கள். "மக்களோடு சேர்ந்து ஒரு நாடகம் பண்ணணும், நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதி முடித்த நாடகத்தை ஊர் ஊராகப் போட்டுவிட்டு வருவது ஒரு வேலை. ஊர்க்காரர்களே தங்கள் வாழ்க்கையிலிருந்து காட்சி எடுத்து, தாங்களே நடிக்க, பக்கத்தில் இருந்து அதை நாடகமாக்குவது வேறு வேலை. பார்க்க வந்தவர்களே எழுந்து போய்க் காட்சியை மாற்றிக் காட்டும் அரங்கு, பிரேசில்காரரான அகஸ்டோ போவால் 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தபோது பிறந்தது. நம் ஊரிலும் நிறையக் கலைஞர்கள் எழுத்தறிவு வழியாகத்தான் இந்த வேலைக்கு வந்தார்கள். 1990இல் எழுத்தறிவுக்காக நாடெங்கும் நடந்த பாரத ஞான விஞ்ஞான ஜாத்தா என்ற கலைப்பயணம், 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம். அந்தக் கலைப்பயணங்களில் போனவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். நாடகத்தைவிட வேனைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகப் போய், ஒரே பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, அன்றைக்கு எந்த ஊரில் யார் என்ன கேட்டார்கள், யார் அழுதார்கள் என்று தூக்கம் வரும்வரை பேசியிருக்கிறார்கள்.

இலங்கையின் மட்டக்களப்புக் கூத்திலும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் இப்படியொரு வழக்கம் உண்டு. சட்டம் கொடுப்பதில், அதாவது நடிகர்களுக்கு அவரவர் பாட்டையும் வசனத்தையும் கொடுப்பதில் தொடங்கி அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் ஊர் இளைஞர்களைப் பழக்குகிறவர் அண்ணாவியார். செலவையும் ஏற்பாட்டையும் ஊரில் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் மத்தளத்தையும் ஆட்டத்தையும் கவனித்தால் போதும்.

இன்றைய திட்ட அறிக்கையில் 'ரிசோர்ஸ் பர்சன் - 1' என்று இருக்கும். அந்த ஒருவர்தான் ஆள் கூட்ட வேண்டும், போர்மேனிடம் அனுமதி கேட்க வேண்டும், வவுச்சர் சேர்க்க வேண்டும், செருப்பின் கதையையும் கேட்க வேண்டும். வேனும் கிடையாது, வராந்தாவும் கிடையாது.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் முதலில் மாற்றியது மிகச் சின்ன விஷயம். கூத்தாடிகள் ஆட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தடவி, அரிதாரத்தைத் துடைத்து, முகம் கழுவி, அப்புறம்தான் கிளம்புவார்கள். துரியோதனனை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் அல்லவா. பயிலரங்கு நடத்தும் நெறியாளர் வேஷம் கட்டுவதில்லை, அதனால் அவருக்குக் கலைக்கவும் எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பதினாறு பேருடைய கதையை அவர் அப்படியே பூசிக்கொண்டு பஸ் ஏறுகிறார். அதனால் ஒவ்வொரு நாள் பயிற்சிக்குப் பின்னும் அரை மணி நேரம் ஒதுக்கினோம். அந்த அரை மணிக்கும் சம்பளம் உண்டு. கூடவே இன்னொரு ஆள், அவரும் நாடகம் தெரிந்தவர். இரண்டு பேரும் பாயைச் சுருட்டி, அறையைப் பெருக்கி, அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். "இன்னைக்கு எதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகப் போற?" இதுதான் கேள்வி. சில நாள் பதில் வரும், சில நாள் வராது. எழுதி அனுப்பச் சொல்லவே கூடாது. எழுதச் சொன்னால் அதுவும் ஒரு ரிப்போர்ட் ஆகிவிடும்.

வாரம் ஒருமுறை என்னோடு முக்கால் மணி நேரம் பேச்சு. இதில் ஒரே ஒரு கண்டிப்பு: கலைஞருக்குச் சம்பளம் போடுகிறவரோ, அவரை அடுத்த திட்டத்துக்குக் கூப்பிடப்போகிறவரோ அந்தப் பேச்சில் இருக்கக்கூடாது. இருந்தால் "எல்லாம் நல்லாப் போகுது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. என் வாயிலிருந்தே வராது. என்னால் தாங்க முடியாத அளவு இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். இந்த எண்ணைக் கலைஞர்களுடைய போனில் முதல் நாளே பதிந்து கொடுத்துவிடுங்கள்.

சரி, பணம். இருபது நாள் பயிலரங்கு என்றால் இருபது நாளைக்கு மதிப்பூதியம் போடுகிறார்கள். அதற்கு முன் நாலைந்து தடவை ஊருக்குப் போய், யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து, பெண்கள் நம்பிப் பேச ஆரம்பிக்கும்வரை காத்திருந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது. நாடகம் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும் போன்களும் வராது. வருகிற பணத்திலும் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்து, அதையும் பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் தருகிறார்கள். கையில் காசில்லாதவரிடம் உன் மனநலத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்வதில் எந்த அர்த்தமும் இல்லை. இருபது நாள் பயிலரங்குக்கு முப்பது நாள் சம்பளம் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். இதில் பேரம் பேசுகிறவர்களுக்கு நான் ஆள் சொல்வதில்லை.

பள்ளிகளில் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு பாரம் இருக்கிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விளையாட்டாகச் செய்யும் ஒரு காட்சியில் ஒரு குழந்தை தனக்கு நடந்ததைக் காட்டிவிடும். 2012 போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 'எவரும்' என்பதில் நாடகம் சொல்லிக்கொடுக்க வந்தவரும் அடக்கம். ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர், "பேர் கெட்டுடும் சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்றபோது அந்த இளைஞருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் அலைந்தார். முதல் நாளே யாரிடம் சொல்வது, யார் கூட வருவார், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் போன் செய்வது என்று ஒரு தாளில் எழுதி, பள்ளியின் கையெழுத்தோடு கொடுத்திருந்தால் அந்த இரண்டு நாள் அவருக்கும் மிஞ்சியிருக்கும், குழந்தைக்கும் மிஞ்சியிருக்கும்.

திரும்ப சாத்தூருக்கு வருகிறேன். நாடகம் தயாராகும்போது அந்தப் பெண், "கதையை வச்சுக்கோங்க, செருப்பு மட்டும் வேண்டாம்" என்றார். நிதி கொடுத்தவர்கள் ஒத்திகை வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தச் செருப்புக் காட்சிதான் உயிர், அதை எடுக்காதீர்கள் என்றார்கள். அரங்கேற்றத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. நடுவில் நின்றவர் இந்தக் கலைஞர். அந்தப் பக்கம் அடுத்த வருட வேலை, இந்தப் பக்கம் அவரை நம்பிப் பேசிய ஒரு பெண். இப்படிப்பட்ட இடத்தில் கலைஞரைத் தனியாக நிறுத்துவது அநியாயம். நான் போன் செய்து, கதை சொன்னவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றேன். தேவைப்பட்டால் அரங்கேற்றமே இல்லாமல் முடிப்போம் என்றும் சொன்னேன். ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. செருப்பு இல்லாமலே நாடகம் நடந்தது. அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், கையை முந்தானைக்குள் வைத்தபடியே.

இப்போதெல்லாம் ஒப்பந்தத்தில் இரண்டு வரி கேட்டு வாங்குகிறோம். சொன்ன கதையை எந்த நாளிலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி நடக்காவிட்டாலும் கலைஞருக்குச் சம்பளம் முழுசாக உண்டு. இந்த இரண்டாவது வரிக்குத்தான் அதிக எதிர்ப்பு.

அந்தக் கலைஞர் நாலு மாதம் எந்த வேலையும் எடுக்கவில்லை. வரும் மாதம் தீப்பெட்டி வேலை செய்யும் பெண்களோடு கோவில்பட்டியில் தொடங்குகிறார். கூட ஒரு ஆள் உண்டு. நேற்று அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தினமும் மாலை நாலரையிலிருந்து ஐந்து மணி வரை என்று போட்டிருக்கிறீர்களே மேடம், இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார்கள். இப்போதைக்குப் பயிற்சிச் செலவு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருட பட்ஜெட்டில் தனித் தலைப்பு கேட்டிருக்கிறோம்.