நாமினேஷன்: நியமனத்துக்கு முந்திய சொல்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஓரிடம் காலியாகி, அதற்கு அதிபர் ஒருவரது பெயரை அறிவித்த மறுநாளே, 'புதிய நீதிபதி நியமனம்' என்று தமிழ்ச் செய்திகளில் தலைப்பு வந்துவிடுகிறது. அதே செய்தியின் கடைசிப் பத்தியில், இந்த நியமனத்தை எதிர்த்துப் பொதுமக்கள் தங்கள் செனட் (நாடாளுமன்ற மேலவை) உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி வருகிறார்கள் என்றும் இருக்கும். நியமனமே முடிந்துவிட்டதென்றால் இனிக் கடிதம் எதற்கு என்று வாசகர் குழம்புவார். அதிபர் பெயரை அறிவிப்பதைக் குறிக்கும் 'நாமினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் கொடுத்துவரும் தமிழே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

இச்சொல்லின் வேர் 'நோமென்' என்ற இலத்தீன் சொல். அதற்குப் பெயர் என்று பொருள். இலக்கணத்தில் பெயர்ச்சொல் என்றும் பொருள். ஒருவரை அழைக்கும் பெயரையும் இலக்கணப் பெயரையும் தமிழும் 'பெயர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது என்பதும், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் 'பெயரியல்' என்றே ஓர் இயல் உண்டு என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. 'நோமென்' என்பதிலிருந்து பெயரிடுதல், பெயர் சொல்லுதல் என்ற பொருளில் 'நோமினாரே' என்ற வினை பிறந்தது. அதன் வழி வந்ததே நாமினேஷன். ஆகவே சொல்லின் உள்ளே இருப்பது பெயரைச் சொல்லும் செயல் மட்டுமே. பதவியைக் கொடுக்கும் செயல் அதில் அடங்கவில்லை.

1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம் இந்த வேறுபாட்டைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது. அதன் இரண்டாம் உறுப்பு, இரண்டாம் பிரிவில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன: அதிபர் பெயரை முன்மொழிவார், பின்னர் செனட்டின் ஆலோசனையோடும் இசைவோடும் பதவியில் அமர்த்துவார். மக்கள் எழுதும் கடிதத்துக்குப் பயன் உண்டென்றால் அது இந்த இரண்டு வினைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். அந்த இடைவெளி எவ்வளவு என்று சொல்ல முடியாது. 1916-இல் லூயிஸ் பிராண்டைஸின் பெயர் ஜனவரி 28 அன்று செனட்டுக்குப் போனது, இசைவு கிடைத்தது ஜூன் 1 அன்று. 2020-இல் ஏமி கோனி பேரட்டின் பெயர் செப்டம்பர் 26 அன்று அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 26 அன்று 52-க்கு 48 என்ற வாக்கில் ஏற்கப்பட்டது. 2001-இல் செனட் உறுப்பினர்கள் இருவருக்கு ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் அடங்கிய உறைகள் அனுப்பப்பட்டதிலிருந்து, நாடாளுமன்றத்துக்கு வரும் அஞ்சல் வேறிடத்தில் சோதிக்கப்பட்ட பிறகே உள்ளே போகிறது. ஒரு மாத இடைவெளியில் காகிதக் கடிதத்தை நம்புவது அவ்வளவு புத்திசாலித்தனம் அல்ல.

இனித் தமிழுக்கு வருவோம். 'நியமனம்' வடமொழியிலிருந்து வந்த சொல். நியமம், நியதி ஆகியவற்றோடு ஒரே வேரைச் சேர்ந்தது. வரையறுத்தல், நிலைநிறுத்தல் என்ற முடிந்த செயலைச் சுட்டுவது. மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்கு அச்சொல் சரியாகவே பொருந்துகிறது. குடியரசுத் தலைவர் பெயரைக் குறித்ததோடு காரியம் முடிகிறது, வேறெந்த அவையும் அதன்மேல் வாக்களிப்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், அங்கே பொருந்திய தமிழை அப்படியே அமெரிக்க நீதிபதிக்கும் ஒட்டிவிட்டோம் என்றே தோன்றுகிறது.

தேர்தலில் வழங்கும், 'வேட்பு' என்ற சொல்லும் இங்கே உதவாது. வேள் என்ற அடிக்கு விரும்புதல் என்று பொருள். பதவியை வேண்டித் தானே மனுக் கொடுப்பவர் வேட்பாளர். அதிபரால் பெயர் சொல்லப்பட்டவர் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை.

'பரிந்துரை' என்பாரும் உண்டு. இனிய சொல்தான், ஆனால் அதே நடைமுறையில் அதற்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. செனட்டின் நீதித்துறைக் குழு விசாரணை முடித்து, முழு அவைக்குப் பரிந்துரை அனுப்புகிறது. 1987-இல் ராபர்ட் போர்க்கை நிராகரிக்கும்படி அக்குழு 9-க்கு 5 என்று பரிந்துரைத்தது; முழு அவை அவரை 58-க்கு 42 என்று நிராகரித்தது. 1991-இல் கிளாரன்ஸ் தாமஸ் விவகாரத்தில் குழு 7-க்கு 7 என்று பிளந்ததால், அவர் பெயர் பரிந்துரை ஏதுமின்றி அவைக்குச் சென்றது. அதிபர் செய்வதையும் பரிந்துரை என்றே எழுதினால், 'பரிந்துரைக்கப்பட்டவர் பரிந்துரையின்றி அவைக்குச் சென்றார்' என்று எழுத நேரும்.

எனவே 'பெயர் முன்மொழிவு' என்பதே தக்க சொல் என்பது என் துணிபு. முன்மொழிதலும் வழிமொழிதலும் கூட்டம் நடத்தும் எவருக்கும் பழகியவை. ஒன்றை முன்மொழிந்தாலே அதன்மேல் இன்னொருவர் முடிவு சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உடன் வந்துவிடுகிறது. பெயர் சொல்லப்பட்டவரை 'முன்மொழியப்பட்டவர்' எனலாம். செனட்டின் செயலுக்கு 'இசைவு' போதும். அதன் பிறகு அதிபர் கையொப்பமிடும் ஆணையை 'அமர்த்தாணை' என்று நான் எழுதுவேன். அந்தத் தாள் வெறும் சடங்கன்று: கையொப்பமும் முத்திரையும் பெற்றும் கைக்கு வந்து சேராத ஓர் அமர்த்தாணையைக் கேட்டு வில்லியம் மார்பரி தொடுத்த வழக்கில்தான், 1803-இல், அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது.

சொல் சரியானால் கடிதமும் சரியாகும். 'இந்த நியமனத்தை எதிர்க்கிறேன்' என்ற வரி முடிந்ததைப் பற்றிய புலம்பலாக ஒலிக்கிறது. 'இந்தப் பெயர் முன்மொழிவுக்கு இசைவளிக்காதீர்கள்' என்ற வரி படிப்பவரிடம் ஒரு செயலைக் கேட்கிறது. 1930-இல் ஜான் பார்க்கரின் பெயரை எதிர்த்துக் கறுப்பின மக்களின் அமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் இயக்கம் நடத்தின. செனட் உறுப்பினர்களுக்குத் தந்திகளும் கடிதங்களும் குவிந்தன. செனட் 41-க்கு 39 என்ற வாக்கில் அவரை நிராகரித்தது. 1913-இல் நிறைவேறிய, அரசமைப்பின் பதினேழாம் திருத்தத்துக்கு முன், செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. அதன் பிறகுதான் வாக்காளரின் கடிதத்துக்கு நேரடியான கனம் வந்தது.

பெறுநர் பெயரிலும் தமிழ் வழுக்குகிறது. 'மக்கள் பிரதிநிதிக்கு எழுதுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால், நாடாளுமன்றத்தின் இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் என்று கொள்ளவும் இடமுண்டு. முன்மொழிவின் மேல் அச்சபைக்கு வாக்கே இல்லை. தம் மாநிலத்தின் இரண்டு செனட் உறுப்பினர்களுக்குத்தான் எழுத வேண்டும். பிரதிநிதிகள் சபைக்கு எழுதும் காலமும் ஒன்று உண்டு. அமர்ந்துவிட்ட நீதிபதியை நீக்குவதற்கான குற்றச்சாட்டு அங்கேதான் தொடங்க வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் அப்படிக் குற்றம் சாட்டப்பட்டவர் சாமுவேல் சேஸ் ஒருவரே. 1804-இல் அச்சபை சாட்டிய குற்றத்திலிருந்து, மறு ஆண்டு செனட் அவரை விடுவித்தது.