ஐந்தாம் நாளே நின்றுபோன மாத்திரை

ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்பவர் அவர். வயது 42. சொரியாசிஸ் என்ற தோல் நோயை மறைக்க மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை. உட்கார்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரை மேசைமேல் கவிழ்த்தார். கடைசிச் சொட்டுவரை பிதுக்கிச் சுருட்டிய பதினொரு ட்யூப்கள். எல்லாமே சீட்டில்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்புகள்.

"போட்டா ரெண்டு நாள்ல அடங்குது டாக்டர். விட்டா முன்னைவிட மோசமா வருது."

சேலையை விரித்துக் காட்டினால் வந்தவர்கள் ஜரிகையைப் பார்ப்பதில்லையாம், இவர் விரல் கணுக்களைத்தான் பார்க்கிறார்களாம். சலூனில் "வேற கடை பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டதால் இப்போது மகன்தான் வீட்டில் முடி வெட்டிவிடுகிறான்.

சொரியாசிஸ் தொட்டால் ஒட்டாது. இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை. தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர வழக்கமாக ஒரு மாதம் ஆகும். இவர்களுக்கு நோய் எதிர்ப்பு அமைப்பு தவறாகத் தூண்டிவிடுவதால் நாலைந்து நாளிலேயே மேலே வந்துவிடுகிறது. ஒழுங்காக உதிர நேரமில்லாமல் அடுக்கடுக்காகத் தங்குவதுதான் அந்த வெள்ளிச் செதில். இதற்குக் காரணம் ரத்தம் கெட்டுப்போனதும் இல்லை, கருவாடு தின்றதும் இல்லை. கத்தரிக்காயை விட்டுப் படை மறைந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சிகரெட்டையும் குடியையும் விட்டபின் தணிந்தவர்கள் உண்டு.

இவருக்கு, நோய் எதிர்ப்பு அமைப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கொடுக்கலாமென்றால் கல்லீரல் பரிசோதனை இடித்தது. ஊசி மருந்துகள் நன்றாகவே கேட்கும், ஆனால் விலையைச் சொன்னதும் அவர் சிரித்தார். அதனால் அப்ரெமிலாஸ்ட். 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை, இப்போது நம் நாட்டு நிறுவனங்களும் தயாரிக்கின்றன. செல்லுக்குள் பிடிஇ-4 என்ற நொதியைத் தடுத்து, அழற்சியைக் கிளப்பிவிடும் வேதிப்பொருள்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டுக்குப் போல அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. முதல் நாள் காலையில் 10 மில்லிகிராம் மட்டும். பிறகு நாளுக்குப் பத்துப் பத்தாக ஏற்றி, ஆறாம் நாளிலிருந்து காலை 30, மாலை 30.

இதையெல்லாம் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பன்னிரண்டாவது ட்யூபோடு வந்தார். ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். "ஒத்துக்கல டாக்டர். பேதி. ஒரு மணி நேரத்துல மூணு தடவை ஃப்ளோரை விட்டுப் போனா சூப்பர்வைசர் சும்மா இருப்பாரா?" கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. கழிப்பறைக்குப் போவதற்கு இன்னமும் சூப்பர்வைசர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது போலும்.

அவர்மேல் தவறில்லை. வயிற்றுப்போக்கும் குமட்டலும் இந்த மாத்திரைக்கு மிகச் சாதாரணம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும், மாதத்துக்குள் தானாக அடங்கும். இதை முன்னமே சொல்லியிருந்தால் அந்த மனிதர் தாங்கியிருப்பார், அல்லது லீவு போட்டிருப்பார். பேதி கடுமையாகி நீர்ச்சத்து வற்றினால், முக்கியமாக வயதானவர்களுக்கு, தாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கவே கூடாது, உடனே வர வேண்டும்.

"ஆடித் தள்ளுபடி முடியட்டும், அப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினோம். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும், காப்பியைக் குறைக்க வேண்டும், தண்ணீரும் மோரும் நிறைய. மனசு காரணமில்லாமல் சோர்ந்தால் உடனே சொல்ல வேண்டும். மனச்சோர்வு இருந்தவர்களுக்கு யோசித்தே தருவோம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அளவு பாதி. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. காலையில் எழுந்ததும் மூட்டு விறைக்கிறதா, நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். சொரியாசிஸ் மூட்டுக்குள்ளும் போகும்.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. 844 பேரிடம் நடந்த முக்கியமான ஆய்வில், 16 வாரத்தில் நோய் முக்கால்வாசி குறைந்தது மூன்றில் ஒருவருக்குத்தான். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்கு. சில ஊசி மருந்துகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஸ்டீராய்டு களிம்பின் இரண்டு நாள் வேகத்துக்குப் பழகியவரிடம் "நாலு மாதம் பொறுங்கள்" என்று சொல்வது எளிதில்லை. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "தீபாவளி சீசன்ல பாதிதான் குறைஞ்சிருக்குமா?" பாதி குறைந்தாலே நல்லது என்றேன்.

டிசம்பரில் வந்தார். அரைக்கைச் சட்டை. விரல் கணுக்களில் லேசான கறை மட்டும், முதுகு ஏறக்குறைய சுத்தம். இரண்டு முழங்கையிலும் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் படை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு மட்டும் ஸ்டீராய்டு இல்லாத கால்சிபோட்ரியால் களிம்பு எழுதினேன். எடை பார்த்தால் மூன்று கிலோ குறைவு. "தொப்பை போச்சு டாக்டர்" என்று அவருக்குச் சந்தோஷம். இந்த மாத்திரை சிலருக்கு எடையைக் குறைக்கும், எங்கே நிற்கிறதென்று பார்க்க வேண்டும். அடுத்த மாதமும் எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.