சித்திரவதையைத் ‘துன்புறுத்தல்’ என்று எழுதலாமா?

போர்க்காலக் கைதிகளின் விசாரணை பற்றித் தமிழில் எழுதுவோரில் பலர் ‘சித்திரவதை’யை விட்டுவிட்டுத் ‘துன்புறுத்தல்’ என்றும், அதைவிட மோசமாகத் ‘தீவிர விசாரணை’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பிழை.

சித்திரவதை வடசொல்தான். சித்திரம் என்பதற்குப் பலவகைப்பட்டது என்ற பொருளும் உண்டு; வதை என்பது மூலத்தில் கொலை. அர்த்தசாஸ்திரம் மரண தண்டனையையே வாதையற்ற ‘சுத்தம்’, வாதையோடு கூடிய ‘சித்திரம்’ என்று பிரிக்கிறது. தமிழில் கொலைப் பொருள் தேய்ந்து வாதைப் பொருள் நிலைத்துவிட்டது.

வடசொல் என்பதாலேயே அதை விலக்கித் துன்புறுத்தலை முன்வைப்போரின் மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் சட்டத்தில் தூய்மையைவிடத் தெளிவே முதன்மையானது. அலுவலகத்தில் நடக்கும் பாலியல் சீண்டலுக்கும் துன்புறுத்தல் என்றே எழுதுகிறோம். சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கூறும் குற்றமோ மிகக் குறுகியது: வாக்குமூலம் பெறுதல், தண்டித்தல், அச்சுறுத்தல் போன்ற நோக்கத்தோடு, அரசு அதிகாரியின் கையாலோ இசைவாலோ, வேண்டுமென்றே விளைவிக்கப்படும் கடும் உடல்வலி அல்லது மனவேதனை. அதற்கு ஒரு படி கீழே, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துமுறையைச் சட்டம் தனியே வைக்கிறது. வட அயர்லாந்துக் கைதிகளின் தலையை மூடி, உறக்கத்தைக் கெடுத்து, சுவரோரம் நிற்கவைத்து விசாரித்த வழக்கில், 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அம்முறைகள் மனிதத்தன்மையற்றவை, ஆயினும் சித்திரவதை ஆகா என்றது. அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைத் ‘துன்புறுத்தல் அல்ல’ என்று மொழிபெயர்த்தால், கைதிகள் துன்பமே படவில்லை என்று நீதிமன்றம் சொன்னதாகிவிடும்.

அமெரிக்க அரசு ‘enhanced interrogation’ என்று மழுப்பியதன் தமிழாக்கமான ‘தீவிர விசாரணை’யின் கேடு இன்னும் பெரிது. திருட்டு வழக்கில் போலீசார் தடயம் தேடுவதையும் நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன. கைதியின் முகத்தைத் துணியால் மூடி நீரூற்றி மூச்சுத்திணற வைப்பதற்கு அதே சொல்லா? 2002இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் எழுதிய சட்டக் குறிப்பாணை, உறுப்புச் செயலிழப்புக்கு நிகரான வலி இருந்தால்தான் உடல்வழிச் சித்திரவதை என்று வரம்பை உயர்த்தியது; 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஐ.நா. உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரையோ, போரோ போர் அச்சுறுத்தலோ சித்திரவதைக்கு நியாயமாகாது என்கிறது. அல்-கொய்தாவுடனான மோதலுக்கும் கைதிகளை வதைப்பதைத் தடைசெய்யும், ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது மூன்றாம் உறுப்புரை பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. குறிப்பாணை எழுதியவர்கள் சொல்லின் வரம்பை மாற்றியே தடையைத் தாண்ட முயன்றார்கள்; நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த மழுப்பலை ஆராயாமலே தமிழாக்குகிறார்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையின் தமிழ் வாசகம் ‘சித்திரவதை’ என்றே சொல்கிறது. சட்ட உரைகளில் அதையே கொள்ள வேண்டும். தலைப்புக்கு நீளம் என்றால் ‘வதை’ போதும். ‘வதைமுகாம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.